நம் தெருவில் சைக்கிளுக்கு வழி கேட்கப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வாட்ஸ்அப் குழு தொடங்குவது, நானூறு பேரைச் சேர்ப்பது, 'எங்களுக்கும் சைக்கிள் தடம் வேண்டும்' என்று மனு எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு ரவுண்டு போய் போட்டோ எடுப்பது, அப்புறம் ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிப்போவது. சென்னையில் எங்கள் ஏரியாவில் முதல் தடவை இப்படித்தான் ஆனது. இரண்டாம் தடவை கொஞ்சம் காரியம் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால், இப்போது கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வருடமாவது மிச்சமாகும்.

முதல் தவறுதான் பெரிய தவறு. தெருவில் ஏற்கெனவே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று பார்க்காமலே வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். எங்கள் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், விடுமுறை நாளில் ஈ.சி.ஆர். வரை போய் வருகிறவர்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு முனையில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். கேரியரில் பால் க்ரேட்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் பேப்பர் போடும் தம்பி. ஆறரைக்கு இரவு டூட்டி முடிந்த வாட்ச்மேன்கள், ஏழு மணிக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். எட்டேகாலுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், முன் கூடையில் புத்தகப் பை, பின்னால் கேரியரில் தோழி. ஒரே காலையில் எங்கள் நோட்டில் நான்கு பக்கம் நிரம்பியது. அதில் ஒருவர்கூட எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

அவர்களைக் கேட்டபோதுதான் எங்கள் மனுவில் இருந்ததும் தெருவில் இருந்த பிரச்சினையும் வேறு வேறு என்று புரிந்தது. ஒரு அக்கா சொன்னார்: "பகல்ல எப்படியாவது போயிடுவேன் சார். சாயங்காலம் அந்தக் கோயில் வளைவுல லைட் இல்ல. அங்க மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போறேன்." தடம், நிறுத்துமிடம், போர்டு என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தோம். தெருவிளக்கு பற்றி ஒரு வரி இல்லை.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள் எல்லோரும் ஓட்டினார்கள். அங்கே சைக்கிள் கற்றுக்கொண்டவரே அடுத்த பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார், அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. தெரு வேலைக்கும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். தினமும் ஓட்டுகிறவரிடம் கருத்து மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்களில் இரண்டு மூன்று பேராவது முன்னால் நின்று பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் கிளப் அறையில் வைத்தால் வீட்டு வேலை செய்பவர் வர மாட்டார், வாட்ச்மேன் உள்ளே வரவே தயங்குவார். நாங்கள் மதியம் இரண்டரைக்குப் பிள்ளையார் கோயில் திண்ணைக்கு மாற்றினோம். அது இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் கிடைக்கிற நேரம். வந்தார்கள்.

அடுத்த தவறு, எடுத்த எடுப்பிலேயே தடம் கேட்பது. பெரிய சாலைக்குத் தனித் தடம் நியாயமான கோரிக்கை. இருபது, இருபத்தைந்து அடி உட்புறத் தெருவில், இரண்டு பக்கமும் கார் நிற்கும் இடத்தில், பச்சைப் பெயின்டில் ஒரு பட்டை போட்டால் மறுநாளே அதன்மேல் கார் நிற்கும். போதாக்குறைக்கு, பெயின்ட் அடித்த பரப்பு மழையில் வழுக்கும். சின்னத் தெருவில் சைக்கிள்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பின்னால் வரும் வண்டி மெதுவாக வர வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் அப்படியே. நடப்பவர்களும் சைக்கிள்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ.தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமே சொல்கிறது.

நெதர்லாந்து என்றால் நமக்குச் சிவப்பு நிறச் சைக்கிள் தடங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் 1971இல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். அதன் பிறகு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் கட்டி பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். டெல்ஃப்ட் போன்ற ஊர்களில் வீட்டுத் தெருக்களை, கார்கள் ஆள் நடக்கும் வேகத்தில் மட்டுமே போக முடிகிற மாதிரி மாற்றி அமைத்தார்கள். 1976இல் அதற்குச் சட்டமும் வந்தது. பிள்ளைகளை முன்னால் வைத்துப் பேசினால் காரில் போகிறவரும் காது கொடுக்கிறார். எங்கள் தெருவில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

சரி, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று, உடனே 'வேகத்தடை போடுங்கள்' என்று கேட்காதீர்கள். எப்படிப்பட்ட வேகத்தடை என்றும் எழுதிக் கொடுங்கள். சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டியில், வண்டிகள் சுமார் 25 கி.மீ. வேகத்தில் கடக்கிற வட்ட முதுகு வேகத்தடைக்கு அளவு இருக்கிறது: போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். அதாவது யானை முதுகு மாதிரி ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் கிடப்பது பெரும்பாலும் மிச்சத் தாரைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிய வரப்பு. கார் அதில் ஒரு குலுங்கலோடு போய்விடும். கேரியரில் முப்பது கிலோ அரிசி மூட்டை வைத்திருப்பவரின் ஹேண்டில் அப்படியே மேலே தூக்கும். எங்கள் தெருவில் நாங்களே கேட்டு வாங்கிய வேகத்தடையில், வெள்ளைப் பட்டை அடிக்காத முதல் வாரத்திலேயே, இரவில் ஒரு பெரியவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அளவு எழுதாமல் விட்டது எங்கள் பிழை. ஓரத்தில் ஒரு அடி இடைவெளி விட்டால் சைக்கிள் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த இடைவெளியில் பைக்குகள் பாய்ந்து வரும். அதைவிட முதுகை ஒழுங்காகப் போடச் சொல்வதுதான் நல்லது.

யாருடைய சாலை என்று தெரியாமல் மனு கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் மனு ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் கிடந்தது. கடைசியில் போய்க் கேட்டால், "இது எங்க ரோடே இல்லையே" என்றார்கள். சென்னையில் உட்புறத் தெருக்கள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குக் கீழ் வரும். பஸ் போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஒருவழிப் பாதை, பேரிகேடு எல்லாம் போக்குவரத்துக் காவல்துறை. ரோட்டுக்கு நடுவில் மூன்று அங்குலம் பள்ளமாகக் கிடக்கும் சாக்கடை மூடிக்குக் குடிநீர் வாரியம், நடைபாதையை அடைத்து நிற்கும் மின்பெட்டிக்கு மின்வாரியம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால், வாங்கிய ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒரு துறைக்கு ஒரு பக்கம், ஒரு இடம், ஒரு படம், ஒரு கோரிக்கை. அவ்வளவு போதும்.

எங்களுக்கு முதலில் கிடைத்த வெற்றி அப்படி வந்ததுதான். பள்ளிக்கூட வாசலில் மழைநீர் வடிகாலுக்குப் போட்ட இரும்புக் கம்பி மூடியின் கம்பிகள், வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. கார் டயருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளின் ஒல்லி டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். மாணவியின் சக்கரம் ஒன்று சிக்கிய படத்தை வைத்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். மூடியைக் கழற்றி, கம்பி குறுக்காக வரும்படி திருப்பிப் போட்டார்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தெருவில் பலர் எங்களை நம்ப ஆரம்பித்தார்கள்.

நேரம் தப்பிப் போவதும் அடிக்கடி நடக்கும். ரோடு போட ஜல்லி இறங்கிய பிறகு ஓடிப்போய்க் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் எஸ்டிமேட்டிலேயே முடிவாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோடு வேலை பெரும்பாலும் நின்றுவிடும். மழை முடிந்து ஜனவரி வாக்கில் தொடங்கும் வேலைக்கு எஸ்டிமேட் அதற்கு வெகு முன்பே தயாராகியிருக்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். "எங்க தெரு இந்த வருஷப் பட்டியல்ல இருக்கா மேடம்?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கட்டணம், 30 நாள். அதை எடுத்த உடனே மிரட்டலாக நீட்டாதீர்கள். எஸ்டிமேட் நகல் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்டிமேட்டில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும், இது எல்லோருக்கும் தெரியும். சைக்கிளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: தார் முடிகிற விளிம்பில் இரண்டு மூன்று அங்குலப் படி விழும். லாரிக்கு ஒதுங்கும் சைக்கிள் அந்த விளிம்பில் இறங்கினால் திரும்ப ஏறாது, சக்கரம் உரசிக்கொண்டே போய் ஆளைச் சாய்த்துவிடும்.

சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது, போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் 60 சதவீதமாவது நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதில் உண்டு. மனுவின் முதல் வரியில் இதைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தெரு அளவில் கோரிக்கை நகர வேண்டுமானால் கவுன்சிலரும் வார்டின் பகுதி சபைக் கூட்டமும்தான் வழி. அங்கே வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானமாக எழுதச் செய்து நகல் வாங்குங்கள்.

கடைக்காரர்களைக் கடைசியில் சந்திப்பது இன்னொரு தவறு. பார்க்கிங் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இயல்பு. எல்லாம் முடிவான பிறகு போய் நின்றால் எதிரியாகத்தான் பார்ப்பார்கள். எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி: "லோடு வண்டி எங்க நிக்கும், அத மட்டும் சொல்லுங்க." காலை ஏழுக்குள் லோடு இறக்கிக்கொள்வது என்று பேசி முடித்ததும், கடை வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைக்க அவரே இடம் கொடுத்தார். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். இதை அவருக்கு நாங்கள் விளக்கவே இல்லை, கடை வாசலை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களிடமும் இப்படித்தான் முன்கூட்டியே பேச வேண்டும்.

நிரந்தரமாக எதையாவது கேட்கும் முன் ஒத்திகை பார்க்காமல் விடாதீர்கள். போக்குவரத்துக் காவல்துறை அனுமதியோடு, பள்ளி தொடங்கும் முக்கால் மணி நேரம் மட்டும், அந்த ஒரு தெருவில் பேரிகேடு வைத்து வண்டிகளைச் சுற்றிப் போகச் சொன்னோம், ஒரு வாரம். முதல் நாள் சண்டை வந்தது. மூன்றாம் நாள் ஒரு தாத்தா பேத்தியைக் கையில் பிடிக்காமல் நடக்க விட்டுக் கூட வந்தார். ஆம்புலன்ஸ் வந்தால் பேரிகேடை யார் நகர்த்துவது என்ற கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. இரண்டாம் நாளிலிருந்து இரண்டு பேரை அங்கேயே நிறுத்தினோம். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் இந்த ஓட்டை, வேலை முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் குழுவைக் கலைப்பது கடைசித் தவறு. புது ரோட்டை நான்கு மாதத்தில் கேபிளுக்காக வெட்டுவார்கள், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அந்தக் குழி முதலில் சாய்ப்பது சைக்கிளைத்தான். அதனால் வேலை முடிந்த அன்றே தெருவை முனைக்கு முனை படம் எடுத்து, மனு நகல், ரசீது எண், பொறியாளரின் அலுவலக எண் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு ஒருவர் வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. எங்களுடையது இப்போது சைக்கிள் பங்க்சர் கடையில் இருக்கிறது. தெருவில் எங்கே புதுக் குழி விழுந்தாலும் முதலில் தகவல் வருவது அங்கேதான், அந்த அண்ணன் தேதி போட்டு எழுதிவிடுகிறார். கோயில் வளைவில் விளக்கு எரிய ஆரம்பித்த தேதியும் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.