நின்றபடியே படிக்க முடிகிற ஆய்வு போஸ்டர்: முதல் முறை செய்பவர்களுக்கு

கருத்தரங்கில் போஸ்டர் வைக்கச் சொல்லிவிட்டார்களா? கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, ஆய்வில் நீங்கள் கண்டதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதுதான் தலைப்பு.

‘சிமெண்டில் நெல் உமிச் சாம்பலைக் கலப்பது குறித்த ஓர் ஆய்வு’ என்று போட்டால், கடந்து போகிறவர் கடந்தே போய்விடுவார். ‘சிமெண்டில் 10 சதவீதத்துக்குப் பதில் உமிச் சாம்பல்: கான்கிரீட் வலிமை குறையவில்லை’ என்று போட்டுப் பாருங்கள். நின்று, ‘எப்படி?’ என்று கேட்பார். மிச்ச இடம் முழுக்க அந்த ‘எப்படி’க்குத்தான். அதற்கு உதவாத பத்தி எவ்வளவு பாடுபட்டு எழுதியதாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. பெரும்பாலும் ஏ0 கேட்பார்கள், 84.1 × 118.9 செ.மீ. பவர்பாயிண்டில் டிசைன், ஸ்லைடு சைஸ், கஸ்டம் என்று போய் இதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லாம் அடுக்கிய பிறகு மாற்றினால் படங்கள் இழுபடும்.

இனி எழுத்து. தலைப்புக்கு 90 பாயிண்ட், உட்தலைப்புக்கு 48, பத்திக்கு 32 வையுங்கள். இடம் போதவில்லையா? எழுத்தைச் சுருக்க வேண்டாம், வாக்கியத்தை வெட்டுங்கள். தமிழில் போஸ்டர் செய்தால் இன்னும் இரண்டு விஷயம். நம் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமமாக நிரப்பும்படி வைத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அதனால் இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். ‘கீ’யின் சுழி மேலேயும் ‘கூ’வின் வால் கீழேயும் போவதால், வரி இடைவெளியையும் 1.3 அளவுக்குக் கூட்டுங்கள்.

படங்களுக்கு வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததைப் போடாமல் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். 30 செ.மீ. அகலத்தில் வர வேண்டிய படத்துக்கு 1,800 பிக்சலாவது வேண்டும். வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி.

சரி, முடித்துவிட்டீர்கள். இப்போது முழு போஸ்டரையும் ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். ஏ0வில் நீளமும் அகலமும் ஏ4ஐப் போல நான்கு மடங்கு. எனவே 32 பாயிண்ட் எழுத்து தாளில் 8 பாயிண்டாக வரும். கையில் 40 செ.மீ. தள்ளிப் பிடித்துப் படிக்க முடிந்தால், அரங்கில் 1.6 மீட்டர் தள்ளி நிற்பவராலும் படிக்க முடியும். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் திரும்பவும் வெட்டுங்கள்.

பிரிண்ட் கடைக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். என் முதல் போஸ்டரை பவர்பாயிண்ட் கோப்பாகவே கொடுத்தேன். கடையில் அதை வேறு மென்பொருளில் ஏற்றினார்கள். ‘கொ’வின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் அச்சாகி வந்தது. மறுநாள் காலை அதையே மாட்ட வேண்டியதாயிற்று, மனசு ஆறவே இல்லை. ஆகவே பிரிண்ட் பொத்தானை அழுத்தும் முன், கடைக்காரரின் திரையில் ‘கொ’, ‘சை’, ‘ஸ்ரீ’ எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.