படம் கண்ணாடியைத் தொடக்கூடாது: பிரேம் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், பழைய புகைப்படத்தைக் கண்ணாடிமேல் அப்படியே கவிழ்த்து, பின்னட்டையை அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். "இப்படி வச்சாதான் ஆடாது சார்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெறும் கையால் தொடாதே, ஆணியை உறுதியாக அடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

படமும் கண்ணாடியும் ஒட்டியிருப்பது

பெரும்பாலான கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவத்தைத் தாங்கி நிற்பது மேலே உள்ள ஜெலட்டின் பூச்சுதான். காற்றில் ஈரம் ஏறினால் அது ஊறி இளகும். கண்ணாடி அதன்மேல் அழுந்தியிருந்தால், காயும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

நான் கெடுத்தது மூன்று வரிசையாக ஆட்கள் நிற்கும் ஒரு குழுப் படம். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரில் இருந்தது. இறக்கியபோது மேல் மூலையில் நாணய அளவுக்கு, ஈரம் பட்டதுபோல ஒரு பளபளப்பு. மெதுவாக இழுத்தால் வந்துவிடும் என்று இழுத்தேன். 'சர்'ரென்று மெல்லிய சத்தம். கடைசி வரிசையில் இரண்டு முகங்கள் கண்ணாடியோடு போய்விட்டன. படத்தில் மிஞ்சியது வெள்ளைத் தாள்.

ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள், நனைக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நகல் எடுத்துவிட்டு, புகைப்படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒட்டாமல் இருக்க வேண்டியது ஓர் இடைவெளிதான். நடுவில் சன்னல்போல வெட்டிய, அமிலமில்லாத மவுண்ட் அட்டை போதும். அது பிடிக்காவிட்டால் பிரேமின் உள்விளிம்பில் மறைவாக ஒரு பட்டை வையுங்கள். பெரிய படம் நடுவில் உப்பும், அதற்குத் தடித்த அட்டை வேண்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போட்டாலும் இதே கதைதான். அது உள்ளே வளைந்துகூடக் கொடுக்கும்.

50 லக்ஸ் வைத்தாயிற்று என்று மறந்துவிடுவது

லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, 50 என்பது மங்கலான வெளிச்சம். அதிலும் ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும். 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ் மணி. 200 லக்ஸில் அதே கணக்கு 23 நாளுக்குள் முடிந்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறதே என்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்திலும் வண்ணம் வெளுக்கும். இருட்டில் ஓய்வு கொடுத்தால் ஒளியால் வெளுப்பது நிற்கும், போன நிறம் திரும்பாது.

செல்லோடேப்

வேண்டாம். பின்பக்கம்கூட.

கண்ணாடிமேல் நேராக ஸ்ப்ரே அடிப்பது

வழியும் துளி கீழ் விளிம்பில் இறங்கும். மவுண்ட் அட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். துணியில் அடித்துத் துடையுங்கள். அக்ரிலிக் என்றால் அம்மோனியா கலந்த திரவம் கூடவே கூடாது, மங்கிவிடும்.

நேற்று பெயிண்ட் அடித்த சுவர்

வாசனை போய்விட்டது என்று மாட்டிவிடுவார்கள். அப்போதும் ஆவி வந்துகொண்டிருக்கும், கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்கும் வெள்ளியை அது அரிக்கும். சில வாரம் பொறுங்கள். வெளிச்சுவராக இருந்தால் பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள், காற்று ஓடட்டும்.