கடைசிப் பத்து நொடி: ஆன்லைன் ஏலத்தில் புதிதாகக் கேட்பவர்களுக்கு

போடிநாயக்கனூரில் ஏலம் என்றால் இரண்டு பொருள். மலையில் காய்ப்பதும் ஏலம், கூடத்தில் கேட்பதும் ஏலம். முன்னது நம் மண்ணின் பெயர். பின்னது போர்த்துகீசியரின் 'லெய்லாவோ' கரையேறி வந்து நம் வாயில் சுருங்கிய சொல். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக் கூடங்களில் காய் விலைபோவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். ஆனால் இந்தப் பதிவு காய் ஏலம் பற்றியது அல்ல. வீட்டில் உட்கார்ந்து, ஈபே போன்ற தளங்களில் பழைய காசோ, தபால் தலையோ, கேமராவோ கேட்பவர்களுக்கானது.

நான் சேர்ப்பது திருவிதாங்கூர்ச் சக்கரம், அந்தச் சமஸ்தானத்தின் பழைய சின்னக் காசு. என் தாத்தா உடும்பஞ்சோலைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனபோது அந்த மலை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. கூலியும் சக்கரக் கணக்குதான்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தக் காசுகளில் நல்லவை இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் யார் யார் வீட்டு மேசை இழுப்பறையிலோ கிடக்கின்றன. திரும்ப வாங்க ஏலம்தான் வழி. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்ட பிறகு நான் கேட்பதெல்லாம் அமெரிக்கத் தளத்தில்.

"கடைசி நொடியில போட்டா ஜெயிச்சிடலாமாமே, உண்மையாண்ணே?" என்று கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் தம்பிமார் கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் இறங்கினால் பணம் போகும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஏலத்தை முடிப்பது எது என்று பாருங்கள்

நம் ஊர் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், திருவிழா முடிந்து ஏலம் விடுவார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்துச் சொல்வார்கள். நடுவில் யாராவது தொகை சொன்னால் மறுபடி ஒரு தரத்திலிருந்து தொடங்கும். அங்கே கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. எல்லோரும் வாய் மூடும்போதுதான் ஏலம் முடியும்.

ஈபேயில் முடிப்பது கடிகாரம். ஞாயிறு மாலை 7 மணி 12 நிமிடம் 40 நொடி என்று போட்டிருந்தால் அந்த நொடியில் கதவு சாத்தப்படும். அதற்கு ஒரு நொடி முன்னால் நீங்கள் கேட்டால், உங்களை மிஞ்ச நினைப்பவருக்கு நேரம் இருக்காது. கடைசி நொடி உத்தி முழுக்க இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் ஸ்னைப்பிங் என்று பெயர். பனிக்காலத்தில் நம் வயல்களுக்கு வருகிற உள்ளான் குருவிக்கு அவர்கள் மொழியில் ஸ்னைப் என்று பெயர். சட்டென்று எழும்பி வளைந்து வளைந்து பறக்கும் அதைப் பதுங்கியிருந்து சுடுவதிலிருந்து வந்த சொல்.

ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கடைசி 10 நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும், நம் மந்தை ஏலம் மாதிரி. ஈபேயில் கடிகாரம் நகராது. இரண்டையும் ஒப்பிட்டபோது, கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் மிக அதிகமாக இருந்தது. அதிலும் கணினிப் பொருட்களைவிடப் பழம்பொருட்களில் கூடுதல். காரணம் காசு சேர்ப்பவர்களுக்கு உடனே புரியும். ஒரு விஷயம் தெரிந்த ஆள் புதன்கிழமையே கேட்டுவிட்டால், "இவரே கேட்கிறார், அப்படியானால் பொருள் அசல்தான்" என்று மற்றவர்களுக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். தெரிந்தவர்கள் அதனால்தான் கடைசி வரை வாய் திறப்பதில்லை.

ஆகவே, எந்தத் தளத்தில் கணக்குத் திறந்தாலும் முதலில் அதன் விதிகளில் 'நேர நீட்டிப்பு' உண்டா என்று தேடுங்கள். உண்டென்றால் இந்த உத்தி அங்கே வேலை செய்யாது. அதற்குத் தனி வழி கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: நீங்கள் எழுதும் தொகையை அப்படியே கட்டப்போவதில்லை

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். ஈபேயில் ஒரு தொகையை எழுதினால், "இதுதான் என் உச்சம், அதுவரை எனக்காக நீ கேள்" என்று தளத்திடம் சொல்கிறீர்கள். அடுத்த ஆளை மிஞ்ச எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே தளம் ஏற்றும். உங்கள் உச்சம் மற்றவர் கண்ணில் படாது.

ஒரு சக்கரக் கொத்து 10 டாலரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 என்று உச்சம் கொடுத்திருக்கிறார். தனி ஆள் என்பதால் திரையில் 10தான் தெரியும். இன்னொருவர் 22 கேட்கிறார். திரை 22.50க்கு ஏறும், முன்னிலையில் முதல் ஆளே இருப்பார். நீங்கள் எட்டு நொடி இருக்கும்போது 61.35 எழுதுகிறீர்கள். இப்போது விலை 41. 40 டாலர்காரரை ஒரு படி மிஞ்சினால் போதும், 25 முதல் 100 டாலர் வரை படி ஒரு டாலர். நீங்கள் கட்டுவது 41தான்.

இதே 61.35ஐ நீங்கள் புதன்கிழமையே எழுதியிருந்தால் என்ன ஆகும்? திரையில் 41 என்று தெரியும். அந்த 40 டாலர்காரருக்கு "உங்களை மிஞ்சிவிட்டார்கள்" என்று செய்தி போகும். அவர் ரோஷத்தில் 45 போடுவார், பிறகு 50, பிறகு 55. ஒவ்வொன்றும் உங்கள் தொகையைத் தட்டிப் பார்க்கும் தட்டு. கடைசியில் நீங்கள் 56 கட்டி எடுப்பீர்கள், அல்லது அவர் 63 போட்டுத் தூக்கிப்போவார். கடைசி நொடி அவருக்கு இந்தத் தட்டிப் பார்க்கும் அவகாசத்தைத் தருவதில்லை, அவ்வளவே. அவர் முதலிலேயே 70 என்று உச்சம் எழுதி வைத்திருந்தால் உங்கள் எட்டு நொடியால் எதுவும் ஆகாது.

இரண்டாவது ஆளின் விலையை ஒட்டி ஜெயித்தவர் கட்டுகிற இந்த முறையைக் கணக்காக ஆராய்ந்து 1961இல் எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளே காலமானார். அவர் நிறுவியது நமக்கு நேரடியாக உதவும்: இப்படிப்பட்ட ஏலத்தில் உங்கள் மனதிலுள்ள உண்மையான உச்சத்தை எழுதுவதே உங்களுக்கு லாபம். குறைத்து எழுதினால் பொருள் கைவிட்டுப் போகலாம், கூட்டி எழுதினால் வருத்தப்பட்டுக் கட்ட வேண்டி வரும்.

மூன்றாம் படி: உச்சத்தை ஒரு நாள் முன்பே தாளில் எழுதுங்கள்

ஏலக்காய் வியாபாரியைக் கவனித்திருக்கிறீர்களா? மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து, காயை உள்ளங்கையில் உருட்டி, நிறம் பார்த்து, 8 மில்லிமீட்டர் தேறுமா என்று கணித்து, விலையை மனதில் முடித்த பிறகுதான் பொத்தானில் கை வைப்பார். கூடத்தில் ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்த என் சித்தப்பா ஒருமுறை நான் கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ வெல சொல்லலப்பா, ஆசையச் சொல்லிக்கிட்டிருக்க."

அன்றிலிருந்து தாளில்தான் கணக்கு. அதே மாதிரிப் பொருள் முன்பு என்ன விலைக்கு முடிந்தது என்று தளத்தில் 'விற்றவை' பகுதியில் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த விலையைப் பாருங்கள். மூன்று நான்கு கிடைத்தால் ஒரு நடுவிலை புரியும். அதிலிருந்து கீழே வாருங்கள்: தபால் செலவு, சுங்கவரி, வெளிநாட்டுப் பணத்துக்குக் கார்டு வங்கி சேர்க்கும் கட்டணம். 60 டாலர் மனதில் இருந்தால், 15 டாலர் தபாலுக்கே போகும் பொருளுக்கு 45க்கு மேல் எழுதக் கூடாது.

முழு எண்ணாக எழுத வேண்டாம். 60 என்று பலரும் எழுதுவார்கள். ஒரே தொகை இரண்டு பேர் எழுதினால் முந்தி எழுதியவருக்கே பொருள், கடைசி நொடியில் வரும் நீங்கள் தோற்பீர்கள். 61.35 எழுதினால், 61 எழுதியவரை அந்த 35 சென்ட் மிஞ்சிவிடும்.

நான்காம் படி: நேரத்தை நம் கணக்குக்கு மாற்றுங்கள்

அமெரிக்கத் தளத்தில் பசிபிக் நேரம் காட்டினால், குளிர்காலத்தில் நாம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் பன்னிரண்டரை. அங்கே ஞாயிறு மாலை 7 மணிக்கு முடிவது நமக்குத் திங்கள் காலை 8.30 அல்லது 7.30. பள்ளிக்கூட வேன் வருகிற நேரம். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: கடைசி ஐந்து நிமிடம்

இங்கே என் கதை ஒன்று. திருவிதாங்கூரில் சக்கரத்தை எண்ணுவதற்குப் பலகை வைத்திருந்தார்கள். குட்டிக் குழிகள் வரிசையாக வெட்டிய மரப்பலகை. காசு அவ்வளவு சிறியது, கையில் எண்ணினால் நழுவும். பலகையில் கொட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒரு சக்கரம் உட்காரும். அப்படி ஒரு பலகை ஏலத்துக்கு வந்தது. அன்று நான் மூணாறு போகும் பஸ்ஸில், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில். மூன்று நொடி இருக்கும்போது அழுத்தலாம் என்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வளைவில் டவர் மாறியது. பக்கம் மறுபடி திறந்து கடவுச்சொல் கேட்டது. ஓடிபி வந்தபோது பலகை போய்விட்டது, நான் எழுத நினைத்ததில் பாதி விலைக்கு. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் இந்த ஒழுங்கு. முந்தின நாளே கார்டும் முகவரியும் பதிந்து வையுங்கள். ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியேறி மறுபடி உள்ளே நுழையுங்கள், ஓடிபி தொல்லை அப்போதே முடியும். போன் வேண்டாம், கணினி நல்லது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டு டவர், கேரள டவர் என்று தாவாத இடமாக உட்காருங்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போகும் நாளென்றால் போன் இணையத்தைத் தயாராக வையுங்கள். இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கத்தைப் புதுப்பித்து, தாளிலுள்ள தொகையைக் கட்டத்தில் எழுதி, புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 61.35 அவசரத்தில் 6135 ஆனவர்கள் உண்டு. பிறகு 'உறுதி செய்' பொத்தான் தெரியும் பக்கம் வரை போய் நிறுத்துங்கள். கடைசி அழுத்து மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.

எப்போது அழுத்துவது? நல்ல இணைப்பு இருந்தால் 8 நொடி. மலைமேல் இருப்பவர்கள் 15 நொடி. இரண்டு நொடிக்குக் காத்திருக்க வேண்டாம். எட்டு நொடியில் வேறு யாரும் யோசித்து, எழுதி, உறுதி செய்ய முடியாது. அதற்கும் கீழே போவதில் கிடைக்கும் லாபம் சிறிது, இணைப்பு தாமதித்தால் போவது முழுப் பொருள்.

அழுத்திய பின் "உங்களை மிஞ்சிவிட்டார்கள்" என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள். தாளில் எழுதியது ஒரு தொகைதான்.

உங்களுக்குப் பதிலாகக் கடைசி நொடியில் கேட்டுத் தரும் சேவைகளும் இருக்கின்றன. நள்ளிரவு ஏலங்களுக்கு வசதி. ஆனால் பலவற்றுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்ததில்லை, புதியவர்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரம் நீளும் ஏலங்களில்

வங்கிகள் ஜப்தி செய்த வீடு, நிலத்தை விற்கும் மின்னணு ஏலங்களில் வழக்கமாக நீட்டிப்பு உண்டு. கடைசி 5 நிமிடத்தில் கேட்பு வந்தால் இன்னும் 5 நிமிடம் என்று அறிவிப்பில் எழுதியிருப்பார்கள். அங்கே பதுங்குவதில் பயனில்லை, பொறுமையும் உச்ச விலையும்தான் துணை. இந்த ஏலங்களில் இரண்டாம் விலை கணக்கும் இல்லை, நீங்கள் கேட்ட தொகைதான் கட்ட வேண்டிய தொகை. அதனால் உச்சத்தை ஒரேயடியாக எழுதாமல், குறித்த குறைந்தபட்சப் படியாக மட்டும் ஏறுங்கள். எடுத்துவிட்டால், முன்பே கட்டிய டெபாசிட்டையும் சேர்த்து விலையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி, விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். மீதிக்கு வழி தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

எடுத்த பிறகு

ஈபேயில் ஜெயித்தால் அன்றே பணம் கட்டிவிடுங்கள். ஒரே விற்பவரிடம் இரண்டு மூன்று எடுத்திருந்தால், கட்டும் முன் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தபால் செலவு குறையும். பார்சல் வந்ததும் போனில் வீடியோ ஓடவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். காசு என்றால் உடனே எடை போடுங்கள். என் சமையலறை மேடையில் நகைத் தராசு ஒன்று அதற்காகவே இருக்கிறது, பக்கத்தில் எண்ணுவதற்கு ஒரு தட்டு. பலகை இன்னும் கிடைக்கவில்லை, தேடல் பட்டியலில் அந்தப் பெயரை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.