செயல்திறன் செட்டிங்குகளுக்கு உடையாத இடைமுகம் எழுதுவது எப்படி

டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் நிரல்) எழுத உட்கார்ந்ததும் முதலில் வரும் ஆசை, சிப்பில் உள்ள ரெஜிஸ்டரை (அதன் நடத்தையைத் தீர்மானிக்கும் மதிப்பு இருக்கும் சின்ன நினைவிடம்) அப்படியே வெளியே திறந்துவிட்டு, மிச்சத்தை யூசர் நிரல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம்.

லினக்ஸில் நடந்ததையே பாருங்கள். இன்டெல் சிபியுவில் வேகமா மின்சார மிச்சமா என்று சொல்ல ஒரு ரெஜிஸ்டர் உண்டு: அதன் கடைசி நான்கு பிட்டில் 0 வைத்தால் வேகம், 15 வைத்தால் மிச்சம். ரூட் அனுமதி உள்ள எந்த நிரலும் எம்எஸ்ஆர் (இப்படிப்பட்ட சிபியு ரெஜிஸ்டர்களின் பெயர்) டிவைஸ் ஃபைல் வழியாக அதில் நேரடியாக எழுதலாம் என்று இருந்தது, இரண்டு நிரல்கள் மாற்றி மாற்றி எழுதினால் கடைசியாக எழுதியதுதான் நிற்கும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இது எதுவுமே தெரியாது. பிந்தைய பதிப்புகளில் அப்படி எழுதினால் கெர்னல் லாகில் எச்சரிக்கை விழுகிறது. அதே வேலைக்கு இப்போது சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் செட்டிங்குகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது, எண்ணும் கொடுக்கலாம், 'பெர்ஃபார்மன்ஸ்', 'நார்மல்' என்று பெயரும் கொடுக்கலாம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பயன்படுத்துபவர் என்ன சொல்ல வருகிறார் என்பது. 2021-இல் லினக்ஸில் சேர்ந்த பிளாட்ஃபார்ம் புரொஃபைல் என்ற இடைமுகம் இதற்கு நல்ல பாடம். ஒரு லேப்டாப்பில் ஃபேன் மாறும், இன்னொன்றில் வாட் வரம்பு மாறும், ஆனால் வெளியே தெரிவது 'லோ பவர்', 'கொயட்', 'பேலன்ஸ்ட்', 'பெர்ஃபார்மன்ஸ்' மாதிரி சில பெயர்கள் மட்டும். அந்த மெஷினில் எவை உண்டு என்பதைப் பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் சொல்கிறது, நிரல் ஊகிக்க வேண்டியதில்லை. எஃப்என் கீயை அழுத்தி யாராவது மாற்றினாலும், போல் செய்து (மாற்றம் வந்தால் சொல் என்று கெர்னலிடம் கேட்டு) காத்திருக்கும் நிரலுக்குத் தகவல் போய்விடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் திரையில் ஒன்றும் ஹார்டுவேரில் ஒன்றுமாக நிற்கும்.

எண்தான் வேண்டும் என்றால் அலகை முதல் நாளே முடிவு செய்யுங்கள். சிபியு அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2400000. வெப்பநிலை மில்லிடிகிரியில், 45 டிகிரிக்கு 45000. எல்லாம் முழு எண்கள். சதவீதம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதில் 50 சதவீதம்? டர்போவையும் (சிப் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடும் வேகம்) சேர்த்தா, சேர்க்காமலா? அடுத்த சிப்பில் அர்த்தமே மாறிவிடும்.

ஒரு ஃபைலில் ஒரே மதிப்பு. அழகாக அட்டவணை போட்டுக் காட்டினால் யாரோ ஒருவர் ஆக் (awk, வரிகளிலிருந்து நெடுவரிசைகளைப் பிரித்தெடுக்கும் கருவி) ஸ்கிரிப்டில் மூன்றாவது நெடுவரிசையை எடுத்துக்கொண்டிருப்பார், நீங்கள் நடுவில் ஒரு நெடுவரிசை சேர்த்த அன்று அது உடையும், பழி உங்கள் மேல்தான், அது நியாயமும்கூட. தெரியாத பெயரை எழுதினால் பிழை திருப்பிக் கொடுங்கள், சத்தமில்லாமல் விழுங்காதீர்கள்.

சரி, வெளியிடுவதற்கு முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: ஒவ்வொரு மதிப்பாக எழுதி, திரும்பப் படித்து, மெஷினைத் தூங்க வைத்து எழுப்பி, மறுபடியும் படிக்க வேண்டும். எழுந்த பிறகு ஃபைல் ஒன்று சொல்லி ஹார்டுவேர் வேறொன்று செய்தால், ரெஸ்யூம் பாதையில் (மெஷின் எழும்போது டிரைவரில் ஓடும் பகுதி) மதிப்பைத் திரும்ப எழுதும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.