கிணற்றுத் தண்ணியும் மஸ்லின் துணியும்: முகம் உரசாமல் துடைக்கும் முறை

கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிற வீடு என்றால் இது உங்களுக்கான பதிவு. வன்னியில் அப்படிப்பட்ட கிணறுகளுக்குக் குறைவில்லை. கிளென்சர் பூசி, நனைத்த மஸ்லின் துணியால் துடைத்தெடுக்கும் முறை தோலுக்கு மிகவும் இதமானது. ஆனால் கல்சியம் கூடிய தண்ணியில் கவனமில்லாமல் செய்தால் இரண்டு மூன்று கிழமையில் துணி அப்பளம் மாதிரி விறைத்துவிடும். பிறகு அது துடைக்காது, உரசும். கன்னம் சிவந்து எரியத் தொடங்கியதும் பலர் கிளென்சரைத்தான் சந்தேகப்பட்டுப் போத்தலை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது துணியைத் தோய்க்கும் முறையை.

துணி

புடைவைக்கடையில் மஸ்லின் கேட்டால் சில வேளை பொலியெஸ்டர் கலந்த மெல்லிய துணியும் வரும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். அது முகத்துக்கு வேண்டாம்.

36 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றர் போதும். வெட்டுவதற்கு முதல் ஓர் இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் சவர்க்காரம் போடாமல் 15 நிமிடம் கொதிக்க வையுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி அப்போதுதான் கழரும். தண்ணி கலங்கி வந்தால் இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். துணி சற்றுச் சுருங்கும். காய்ந்த பிறகு அகலத்தை மூன்றாகவும் நீளத்தில் அதே அளவுக்கு மூன்றாகவும் வெட்டினால், கிட்டத்தட்ட 30 செ.மீ. சதுரத்தில் ஒன்பது துண்டுகள் வரும். கிழமையில் ஏழு நாளுக்கு ஏழு, கைகாவலுக்கு இரண்டு.

விளிம்பைத் தைக்காமல் விட்டால் நூல் பிரிந்து தோட்டில் சிக்கும், கண்ணுக்குள்ளும் போகும். அரை செ.மீ. மடித்துத் தையுங்கள். தைத்த விளிம்புதான் துணியிலேயே கடினமான இடம். அதனால் துடைக்கும்போது துணியை நான்காக மடித்து, விளிம்புகளைக் கைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் துணியைவிட நாலைந்து வருடம் உடுத்த பழைய பருத்தி வேட்டி மேல் என்பது என் கருத்து. கரையை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். துவாய் மட்டும் வேண்டாம். அதன் தடித்த வளையங்கள் முகத்துத் தோலுக்கு அதிகம்.

கிளென்சர்

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 அளவில் இருக்கும். சாதாரணக் கட்டிச் சவர்க்காரம் 9 முதல் 10 வரை, அதாவது காரம். அதோடு, சவர்க்காரம் கிணற்றுத் தண்ணியின் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத திரளாகிறது. வாளி விளிம்பில் சாம்பல் நிற வளையமாகப் படிவது அதுதான். அதே திரள் துணியின் இழைகளுக்குள்ளும் ஏறுகிறது, முகத்திலும் தங்குகிறது. ஆகவே முகத்துக்குச் சவர்க்காரமில்லாத, வாசனை சேர்க்காத கிளென்சரை எடுங்கள். வறண்ட தோலுக்குக் கிறீம் வகை, எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல் வகை. ஜெல் ஒரு கச்சான் பருப்பளவு, கிறீம் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. நுரை வரவில்லையே என்று கூடப் போட வேண்டாம். நுரைக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை.

தேங்காயெண்ணெய் மேக்கப்பையும் சன்ஸ்கிறீனையும் நன்றாகக் கரைக்கும். ஆனால் பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைத்துவிடக்கூடும். அந்த முகங்களுக்குத் தண்ணி பட்டதும் பால்போல் வெளுக்கிற கிளென்சிங் ஒயில் பொருத்தம். அதில் எண்ணெயைத் தண்ணியோடு சேர்க்கும் பொருள் கலந்திருப்பதால் கழுவினால் போய்விடும்.

பயற்றம்மா நல்ல பொருள்தான். ஆனால் மஸ்லினோடு சேர்க்காதீர்கள். மாவும் உரசும், துணியும் உரசும். போதாததற்கு மா இழைகளுக்குள் போய் அடைந்துவிடும். தேசிக்காய்ச் சாறு முகத்துக்கு எந்த வடிவிலும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருமை படியும். வன்னி வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

துடைத்தல்

1. கையைக் கழுவுங்கள். எண்ணெய், கிறீம் வகை என்றால் காய்ந்த முகத்திலும், ஜெல் என்றால் நனைந்த முகத்திலும் பூசுங்கள்.

2. விரல் நுனியால் ஒரு நிமிடம் வட்டமாகத் தடவுங்கள். மூக்கோரம், நாடி, நெற்றியில் தலைமயிர் தொடங்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

3. வெதுவெதுப்பான தண்ணியில் துணியை நனைத்துப் பிழியுங்கள். சூட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சூடும் குளிரும் தெரியாவிட்டால் சரி. கறுப்புத் தண்ணித் தாங்கி உள்ள வீட்டில் மத்தியானம் குழாயில் வருவதே அளவுக்கு மிஞ்சிச் சுடும். அதை ஆறவிட்டே எடுங்கள்.

4. துணியை முகத்தில் விரித்து உள்ளங்கையால் அழுத்தி 10 முதல் 15 விநாடி வையுங்கள். தேய்க்க வேண்டாம். பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். அழுக்கை இளக்குவது ஈரமும் சூடும். இளகியதை உறிஞ்சி எடுப்பதே துணியின் வேலை. அழுத்தி வைக்காமல் நேரே துடைத்தால் அழுக்கு இளகாது, கை தானாகவே பலத்தைக் கூட்டும்.

5. இனி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஓரிடத்தில் ஒரு முறை மட்டும் துடையுங்கள். துணியின் பாரமே போதும். மடிப்பை மாற்றி மாற்றிச் சுத்தமான பக்கத்தை எடுங்கள். கண்ணிமையில் ஒற்றினால் போதும்.

6. கையால் தண்ணி அள்ளி இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கிணற்றுத் தண்ணியில் கல்சியம் மிகவும் கூடவென்றால், கொதித்தாறிய தண்ணியை மேலாக வடித்து, இந்தக் கடைசிக் கழுவலுக்கு மட்டும் பாவியுங்கள். கொதிக்கும்போது கல்சியத்தின் ஒரு பகுதி படிந்துவிடும். மாரியில் மழைத்தண்ணி பிடித்து வைத்தால் அதைவிட நல்லது.

7. ஈரம் முழுக்கக் காய முதல் மொய்ஸ்சரைசர் பூசுங்கள்.

துணியால் துடைப்பது இரவில் ஒரு முறை போதும். காலையில் தண்ணியால் கழுவினால் சரி. சீழ்ப்பரு, கரப்பன், வெயிலில் வெந்த தோல் இருந்தால் ஆறும்வரை துணி வேண்டாம். ரெற்றினோல் (விற்றமின் ஏ வகைப் பூச்சு) பூசத் தொடங்கியவர்களும் முதல் சில கிழமை தவிருங்கள். வெள்ளையாக்கும் கிறீம் நீண்டநாள் பூசியவர்கள் முதலில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது தோலை மெலிய வைக்கும், மெலிந்த தோல் மஸ்லினையும் தாங்காது.

துணியைத் தோய்த்தல்

ஒரு துணி ஒரு முறைக்குத்தான். பாவித்த உடனே வெறுந்தண்ணியில் அலசிப் பிழிந்து விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அடுத்த நாளே மணக்கும்.

கிழமைக்கு ஒரு முறை எல்லாத் துண்டுகளையும் சேர்த்து இப்படிச் செய்யுங்கள்:

முதலில் ஒரு லீற்றர் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டு, அதில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். கல்சியப் படிவு கழரும். பிறகு நன்றாக அலசுங்கள். அடுத்து, இரண்டு லீற்றர் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். இழைக்குள் இருக்கும் எண்ணெய் வெளியேறும். மறுபடியும் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலை மழைத்தண்ணியிலோ கொதித்தாறிய தண்ணியிலோ செய்தால் துணி பூப்போல இருக்கும்.

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். வினாகிரியோடு மட்டும் நிறுத்தினால் பிசுபிசுப்பு மிஞ்சும். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துவிடும். வினாகிரியோடு புளீச்சை ஒருநாளும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு வரும். துணி மென்மையாக்கும் திரவமும் நீலமும் தேவையில்லை. மென்மையாக்கி இழைமேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

சரியாகத் தோய்ந்ததா என்று பார்க்க, காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கள். விட்ட கணமே பரவி உறிஞ்சினால் துணி தயார். சேம்பிலையில் போல மணியாக நின்றால் எண்ணெயோ கஞ்சியோ சவர்க்காரத் திரளோ இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

பின்னர் சேர்த்தது: கிறவல் புழுதி

எல்லாம் சரியாகச் செய்தும் கன்னத்தில் மெல்லிய கீறல் வருகிறதென்றால் கொடி எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். கிறவல் வீதியோரம் கட்டிய கொடியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்புழுதி துணி முழுக்கப் படியும். அதில் மண்ணோடு நுண்மணலும் இருக்கும். முகத்துணியை வீட்டின் பின்புறம், வெயில் விழும் இடத்தில் காயப்போட்டு, காய்ந்ததும் உதறி மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பாவிக்க முதல் முன்கையின் உட்புறத்தில் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். நறநறத்தால் திரும்ப அலசுங்கள்.

இன்னொன்று: மாரி மாதங்கள்

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை துணி கொடியில் காயாது. அரைக்காய்ச்சலாக மடித்து வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் போகும்வரை சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துங்கள். மெல்லிய துணி என்பதால் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்காது. புள்ளி விழுந்த துணியை முகத்துக்கு எடுக்காமல் சமையலறைக் கைபிடித் துணியாக்கிவிடுங்கள்.