உங்கள் ஊர்த் திருவிழாவைக் கூடவே இருந்து பார்ப்பது எப்படி?

மதம் மனிதனுக்கு எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பக்தர் ஒன்று சொல்வார், பகுத்தறிவாளர் ஒன்று சொல்வார், விடிய விடியப் பேசினாலும் கடைசியில் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் போய் முட்டி நிற்கும். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவை, முதல் ஊர்க்கூட்டத்திலிருந்து கடைசி நாள் கணக்கு வாசிக்கிற வரைக்கும், கூடவே இருந்து பாருங்கள். நம்பிக்கை ஒரு சமூகத்துக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பது அங்கே கண் முன்னால் நடக்கும். எங்கே நிற்பது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும். எமில் துர்கைம் என்கிற பிரெஞ்சு சமூகவியலாளர் 1912-ல், மனிதர்கள் கூடி வழிபடும்போது தங்கள் சமூகத்தையே வழிபடுகிறார்கள் என்று எழுதினார். அது எவ்வளவு சரி, எங்கே இடிக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தேர் ஓடுகிற நாளில் போய் இறங்கினால் பாதி விஷயம் கைநழுவிவிடும். திருவிழா எடுப்பதா வேண்டாமா என்று பேசுகிற ஊர்க்கூட்டத்திலேயே ஆரம்பியுங்கள். மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள், பெண்கள் வந்திருக்கிறார்களா, வந்திருந்தால் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம் வரி நோட்டு. பல ஊர்களில் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான மகன் தனித் தலைக்கட்டா, கணவரை இழந்த பெண்ணுக்குப் பாதி வரியா முழு விலக்கா, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு உண்டா இல்லையா என்று ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நோட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட யார் பெயர் இல்லை என்பதை முக்கியமாகப் பாருங்கள். ஒருவரிடம் வரி வாங்கவில்லை என்றால் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். வரி கொடுத்தவருக்குத்தான் கூட்டத்தில் பேச்சுரிமை, மண்டகப்படியில் (ஒரு நாள் சாமிக்கான செலவை ஏற்று நடத்துவதில்) பங்கு, பிரசாதத் தட்டு எல்லாம். ஒரு குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்கி வைக்கும்போது முதலில் செய்வதே அவர்களிடம் வரி வாங்க மறுப்பதுதான். கையில் பணத்தை வைத்துக்கொண்டு, எங்களிடமும் வாங்குங்கள் என்று கேட்டு நிற்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது, இந்த ஊரில் நானும் ஒருவன் என்பதற்கான அத்தாட்சி. சாமி கும்பிடுவதற்கும் ஊரில் ஒருவராக இருப்பதற்கும் நடுவில் இருக்கிற முடிச்சு இந்த நோட்டில்தான் விழுகிறது.

அடுத்தது நோட்டீஸ். மஞ்சள் தாளிலோ வழவழப்பான பல வண்ணத் தாளிலோ அடித்திருப்பார்கள். முதல் நாள் மண்டகப்படி யார், மூன்றாம் நாள் யார், எந்த சமுதாயம், எந்தத் தொழில்காரர்கள் என்று வரிசையாக இருக்கும். ஊரில் யாராவது பழைய நோட்டீஸ்களைப் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருப்பார், தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊரின் பொருளாதாரமே தெரியும்: நிலக்கிழார் பெயர் இருந்த இடத்தில் லாரி உரிமையாளர் பெயர் வந்திருக்கும், ஆட்டோ ஸ்டாண்ட் சார்பில் ஒரு நாள் முளைத்திருக்கும், வெளிநாடு வாழ் நண்பர்கள் கச்சேரிச் செலவை ஏற்றிருப்பார்கள். இதையே பிரம்மாண்டமாகப் பார்க்க மதுரைக்குப் போகலாம். அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் வைகைக்கு வருகிற வழி நெடுக சாமி நின்று போகிற நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், ஒவ்வொன்றும் யாரோ ஒரு குடும்பத்துக்கோ சங்கத்துக்கோ உரிமையானது. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரண்டு விழாவையும் ஒன்றாக்கியவர் 17-ம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். சைவம், வைணவம், நகரம், சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஓர் ஆற்றங்கரையில் கூடுகின்றன என்றால் அதில் ராஜதந்திரமும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது, மனசார நம்புகிறவர்களின் கண்ணீரும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இவ்வளவுதான் மதம் என்று சொல்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் நிறைய.

காப்பு கட்டியதும் ஊரின் நடை மாறும். காப்பு கட்டியவர் கறி மீன் தொடமாட்டார், பல ஊர்களில் இராத் தங்க வெளியூர் போகக்கூடாது, கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. போலீஸ் இல்லாமல், அபராதம் இல்லாமல் இத்தனை பேர் ஒரு கட்டுப்பாட்டுக்குள் வருகிறார்களே, அது எப்படி? கேட்டுப் பாருங்கள். அம்மன் கோபிப்பாள் என்று சிலர் சொல்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று சிலர். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

முளைப்பாரி போடுகிற வீட்டுக்கு ஆண்கள் போக முடியாத ஊர்கள் உண்டு. நீங்கள் ஆண் என்றால் உங்கள் அக்காவையோ சித்தியையோ கேளுங்கள். நான் கேட்டு வைத்திருப்பதைச் சொல்கிறேன். மண் சட்டியிலோ தூக்கிலோ வைக்கோலும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறைக்குள் வைத்துவிடுவார்கள். பொறுப்பேற்ற அம்மா மட்டும் குளித்துவிட்டு ஈரத் துணியோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள், மாமியார் மருமகள் சண்டை, கடன், கலைந்த கர்ப்பம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வாயைத் திறந்து வெளியே வரும். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால் வெயில் படாத பயிர் வெளிர் மஞ்சளாக ஒரு முழம் நிற்கும். விதைப்புக்கு முன்னால் விதையின் தரத்தைச் சோதிக்கிற வழி அது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மனசுவிட்டுப் பேச வேறு இடமே இல்லாத பெண்களுக்கு அந்த ஒன்பது சாயங்காலம் என்னவாக இருக்கிறது என்பதை எந்த விவசாய விளக்கமும் தொடுவதில்லை. பாடப்படுகிற வரிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாடுகிறவரின் சம்மதத்தோடு.

நேர்த்திக்கடன் செலுத்துகிறவரிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தீச்சட்டி எடுக்கிற அன்றைக்கு, பூக்குழி இறங்குகிற அன்றைக்கு மைக்கை நீட்டாதீர்கள், செல்போனை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். எட்டாம் நாள் மறுபூசைக்கு அப்புறம், வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். “நீங்கள் நம்புகிறீர்களா” என்று ஆரம்பித்தால் பேச்சு செத்துவிடும். “யாருக்காக நேர்ந்துக்கிட்டீங்க அக்கா” என்று கேட்டால் கதை வரும்: பிள்ளைக்கு வலிப்பு, வீட்டுக்காரர் குடி, கோர்ட்டில் இழுக்கிற கேஸ், கிடைக்காத விசா. மாரியம்மனை அம்மை நோயோடு சேர்த்துக் கும்பிட்ட ஊர் இது. பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்துவிட்டது. நோய் போனது, தீச்சட்டி போகவில்லை, அதற்குள் வேறு துன்பங்கள் வந்து சேர்ந்துகொண்டன. மருத்துவத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போக முடியாத, போயும் பலனில்லாத துன்பங்கள்தான் அதில் பெரும்பாலும் இருக்கும் என்பதை நாலு வீடு ஏறி இறங்கினாலே தெரிந்துகொள்வீர்கள். அதே நேரம் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டு நேர்ந்துகொண்டவர் யாராவது இருந்தால், எழுதுவதை விட்டுவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வழியைப் பாருங்கள்.

இப்போது மரியாதை. இதற்குச் சன்னதிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நில்லுங்கள். பூசாரி தீபாராதனை காட்டி முடித்ததும் தட்டோடு திரும்புவார். ஒரு நொடி எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். முதலில் ஒருவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, திருநீறு. அப்புறம் இரண்டாமவர். அப்புறம் மூன்றாமவர். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வரிசைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கேஸ் நடத்துகிற குடும்பங்கள் உண்டு, தாசில்தார் ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தித்தான் கொடியேற்றவே முடியும் என்கிற ஊர்களும் உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் தேரின் வடத்தை யார் பிடிப்பது என்கிற தகராறு 1998-லிருந்து நீடித்தது, தலித் மக்களும் சம உரிமையோடு இழுக்க வேண்டும் என்பது கோரிக்கை. பல வருஷம் தேர் நிலையிலேயே நின்றது, 2024 ஜூனில்தான் நீதிமன்ற உத்தரவும் பலத்த போலீஸ் காவலுமாக மறுபடி ஓடியது. 1939 ஜூலை 8 அன்று மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலித், நாடார் தொண்டர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்து இத்தனை காலம் ஆகியும், 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி சீல் வைக்க வேண்டியிருந்தது, காரணம் தலித் மக்கள் உள்ளே வரலாமா என்கிற அதே வாசல் பிரச்சினை. துர்கைம் சொன்னதில் இடிக்கிற இடம் இதுதான்: ஊர் தன்னையே கும்பிடுகிறது என்றால், அந்த ஊருக்குள் யார் யார் சேர்த்தி? யாரையும் வெளியே நிறுத்துகிற கும்பிடு எனக்கு ஏற்புடையது இல்லை. இதைப் பார்க்கும்போது நடுநிலை என்று சொல்லிக்கொண்டு குறிப்பெழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

சப்பரம் கிளம்பியதும் பின்னாலேயே நடங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தெருக்களைக் கோடு போட்டு, அம்மன் எந்தத் தெருவுக்குள் போனாள், எங்கே திரும்பிவிட்டாள் என்று குறியுங்கள். எங்கே பானகம் கொடுத்தார்கள், எங்கே வாசலில் கோலமே இல்லை, மேளமும் தப்பும் அடிக்கிறவர்கள் எந்த எல்லை வரைக்கும் வந்தார்கள், அவர்களுக்குக் கூலி எப்போது எப்படிக் கொடுத்தார்கள், அன்னதானத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதும் அதே தாளில் வரட்டும். வேறெந்தக் குறிப்பும் எடுக்க முடியாவிட்டால்கூட இந்த ஒரு வரைபடத்தை மட்டும் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர் கோயிலைப் பார்த்த கண்ணோடு இன்னொரு மதத்தின் விழாவையும் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, நடந்தே வருகிறவர்களில் காவி உடுத்தி விரதமிருப்பவர்களைக் காணலாம். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வரும். அந்த தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். இந்துக் குடும்பங்கள் பிள்ளைக்கு அங்கே மொட்டை போடுவது இன்றும் சாதாரணம். கேள்வி அதேதான், யார் செலவு, யார் முன்னால், யார் வெளியே.

கடைசியாகக் கணக்குக் கூட்டம். பாதிப் பேர் வரமாட்டார்கள், நீங்கள் போங்கள். மீந்த பணத்தை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்: சில ஊரில் வட்டிக்கு விடுவார்கள், சில ஊரில் பள்ளிக்கூடச் சுவர், மண்டபம், குடிதண்ணீர்த் தொட்டி என்று போகும், சில ஊரில் சண்டையாகும். எழுதியதில் தனி ஆள் பெயர்களை மாற்றிவிட்டு, ஒரு பிரதியை ஊரில் விவரம் தெரிந்த இரண்டு பேரிடம், கண்டிப்பாக ஒருவர் வரி நோட்டில் இல்லாத தெருவைச் சேர்ந்தவராக, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் வெவ்வேறு இடத்தில் “இது அப்படி இல்லை” என்பார்கள், இரண்டையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கும்போது, சப்பரம் புதிதாக எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், அதற்கு யார் கேட்டார்கள், யார் ஒத்துக்கொண்டார்கள் என்பதை அன்றைக்கே விசாரித்துத் தேதி போட்டு எழுதிவிடுங்கள்.