ஈஸ்டர் குக்கீ அலங்காரம்: ஒரு ஸ்பூன் தண்ணீரில் கெடும் ஐசிங்

ஈஸ்டருக்கு முட்டை, முயல், கோழிக்குஞ்சு வடிவங்களில் ஷுகர் குக்கீ சுட்டு, இளமஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஐசிங் பூசியிருப்பதைப் பார்த்தால் பெரிய கைவேலை போலத் தோன்றும். உண்மையில் அதில் கைத்திறனைவிடப் பதம்தான் முக்கியம். ஐசிங் வழிந்துவிட்டது, குழி விழுந்தது, நிறம் ஊறிவிட்டது என்பவற்றில் பெரும்பாலானவை தண்ணீர் அளவிலோ காயவைத்த விதத்திலோ நேர்ந்த பிழைகள்.

முதல் பிழை ஐசிங்குக்கு முன்பே நடந்துவிடுகிறது. பேக்கிங் பவுடர் கூடினால் குக்கீ உப்பிப் பரவும். முயல் காது இரண்டும் ஒட்டிக்கொண்டு வடிவமே போய்விடும். மாவை 6 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, வெட்டிய துண்டுகளை ட்ரேயோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, 175 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் சுட்டால் விளிம்பு கூர்மையாக நிற்கும். முயலையும் குட்டி முட்டையையும் ஒரே ட்ரேயில் வைக்க வேண்டாம், சின்னது முதலில் கருகும். சுட்டது முழுக்க ஆறிய பிறகே ஐசிங். அடியில் லேசான சூடு இருந்தாலும் வெண்ணெய் மேலேறி, காய்ந்த ஐசிங்கில் எண்ணெய்த் திட்டுகளாகத் தெரியும்.

காய்ந்ததும் கெட்டியாக இறுகும் ராயல் ஐசிங்குக்கு 450 கிராம் ஐசிங் ஷுகர் (மிக நைசான பொடிச் சர்க்கரை), 3 டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடர் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கருப் பொடி), 75 முதல் 90 மி.லி. தண்ணீர். குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்பதால் பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்கு வாய்ப்பு உண்டு. மிக்ஸியில் பொடித்த சர்க்கரை எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு மிஞ்சும், ஐசிங்கைப் பிழியும் மெல்லிய நாசிலை அடைத்துவிடும். கடை ஐசிங் ஷுகரையும் ஒருமுறை சலித்தே போடுங்கள். கிண்ணத்தில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் ஐசிங் கெட்டிப்படாது. பிளாஸ்டிக்கில் பசை எளிதில் போகாது; எனவே ஸ்டீல் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தை எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துவிட்டு எடுங்கள். பீட்டரைக் குறைந்த வேகத்தில் 4, 5 நிமிடம் ஓட்டினால் போதும். வேகம் கூடினால் காற்று புகுந்துகொள்ளும். அது குக்கீ மேல் குமிழாக வெடிக்கும், காய்ந்த பிறகு தொட்டாலே உதிரும்.

இப்போதுதான் பதம். கிண்ணத்து ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்து எண்ணுங்கள். அந்தக் கோடு 15 விநாடியில் மூடிக்கொண்டால், ஓரத்தில் கோடு போடவும் நடுவை நிரப்பவும் அதே ஐசிங் போதும். புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த ஒரே பதம்தான் நல்லது. ஐந்தே விநாடியில் மூடினால் விளிம்பைத் தாண்டி வழியும். முப்பது விநாடி ஆகியும் மூடாவிட்டால் பரப்பு மேடு பள்ளமாகக் காயும். தண்ணீரை ஸ்பூனால் ஊற்றுவதுதான் இங்கே பெரிய தவறு. கால் டீஸ்பூன், கிளறு, மறுபடி எண்ணு. அப்படித்தான் சேர்க்க வேண்டும். நீர்த்துவிட்டால் சலித்த ஐசிங் ஷுகரைச் சிறிது தூவி மீட்கலாம். பதம் வந்ததும் ஈரத்துணி மூடி 20 நிமிடம் விட்டால் குமிழ்கள் மேலே வந்து உடையும். மூடாமல் விட்டால் ஏடு கட்டி, அந்த ஏட்டுத் துணுக்கு நாசிலில் போய் நிற்கும்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான் சரி. தண்ணீராக இருக்கும் கலரை ஊற்ற ஊற்றப் பதம் இளகும். டூத்பிக் நுனியில் தொட்டுக் கலக்குங்கள். நேரம் போகப் போக நிறம் ஏறும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி வெளிறியே நிறுத்த வேண்டும்.

எளிதில் அழகு தருவது கோடு இழுத்த முட்டை. வெள்ளையில் முட்டையை நிரப்பியதும், அது ஈரமாக இருக்கும்போதே இளஞ்சிவப்பில் குறுக்காக நான்கு கோடு போட்டு, டூத்பிக்கை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று மாற்றி மாற்றி இழுத்தால் கோடுகள் இறகு போல வளையும். பத்துக் குக்கீயை நிரப்பிவிட்டு மொத்தமாகக் கோடு போடப் போனால், முதல் குக்கீயில் அதற்குள் ஏடு கட்டியிருக்கும். குச்சி பட்டதும் கிழியும். ஒவ்வொன்றாக முடியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியைத் துடையுங்கள். இரண்டு நிறமும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம்: நீர்த்தது அமுங்கிப்போகும், கெட்டியானது வரப்பு போல மேலே நிற்கும்.

காயவைப்பதில்தான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. கோழிக்குஞ்சின் அலகு, முயல் காது போன்ற சின்ன இடங்களில் ஐசிங் மெதுவாகக் காய்ந்து நடுவில் குழி விழும். அங்கே சற்றுக் கெட்டியான பதம் போட்டு, நிரப்பியவுடன் டேபிள் ஃபேனை மெதுவாக அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மேல்புறம் சீக்கிரம் இறுகும், பளபளப்பும் நிற்கும். உள்ளே முழுக்கக் காய 8 முதல் 12 மணி நேரம் ஆகும். அதற்குள் அடர்நிறப் புள்ளி வைத்தால் வெள்ளையில் ஊறும்.

ஈஸ்டர் வருவது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில். மேலைநாடுகளில் அது வசந்தம்; சென்னையிலும் தூத்துக்குடியிலும் புழுக்கம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அங்கே குக்கீ வெறும் அறையிலேயே எண்ணெய் கக்கத் தொடங்கும். ஏசி அறையில் காயவைப்பதே வழி, ஈரப்பதமும் குறையும். ஃப்ரிட்ஜ் மட்டும் கூடாது. வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து எல்லா நிறமும் கலங்கும்.

இத்தனைக்கும் நேரம் இல்லை என்றால் 120 கிராம் ஐசிங் ஷுகரில் 2 டீஸ்பூன் பாலும் 2 டீஸ்பூன் கார்ன் சிரப்பும் கலந்து, குக்கீயின் முகத்தை அதில் தோய்த்து எடுங்கள். கலர் சர்க்கரை மணிகளைத் தூவ ஒரு நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் மூழ்கும். இந்தப் பூச்சு ராயல் ஐசிங் அளவு இறுகாது. அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும். இதை ஒரே வரிசையாக வைக்கும் டப்பாவில் கொடுங்கள். ராயல் ஐசிங் போட்டதை, நன்றாகக் காய்ந்த பிறகு, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கலாம்.